பெயர் ஒரு தபால் முத்திரை: பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரில் வர்க்கம் எப்படிப் பதிகிறது?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மனிதர்களுக்கு அந்த மணி பெயர்தான். ஒருவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே வருகைப் பதிவேட்டிலும், வேலைக்கான விண்ணப்பத்திலும், மின்னஞ்சலின் மேல்வரியிலும் அவருடைய பெயர் வந்து நின்றுவிடுகிறது. அதைப் படித்த மாத்திரத்தில் நம் மனம் ஒரு ஆளை வரைந்துவிடுகிறது. இன்ன வயசு இருக்கும், இப்படிப்பட்ட வீடாக இருக்கும், இவ்வளவு படித்திருப்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைச் செய்கிறோம், பெரும்பாலும் செய்கிறோம் என்றே தெரியாமல்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. "பெயர் என்பது கூப்பிடுவதற்கு, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை" என்பது ஒரு கட்சி. "பெயர்தான் பிள்ளையின் தலையெழுத்து, தவறான பெயர் வைத்தால் முன்னேற்றமே போச்சு" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பேச்சு ஓடுகிறது. சில பெயர்களைக் கேட்டதும் "இப்படியெல்லாமா பெயர் வைப்பார்கள்?" என்று ஒரு சிரிப்பு. எனக்கு மிகவும் உறுத்துவது இந்தச் சிரிப்புதான். சிரிப்பவர் பெயரைப் பார்த்துச் சிரிப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் பார்த்துச் சிரிப்பது அந்தப் பெயரை வைத்த வீட்டை. அது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

வர்க்கம் என்று எதைச் சொல்கிறோம்?

மாதம் ஒரே தொகை சம்பாதிக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறார். இன்னொருவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். பணம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் வீட்டு அலமாரியில் இருப்பது வேறு, மாலையில் பேசும் பேச்சு வேறு, பழகும் ஆட்கள் வேறு, பிள்ளை என்னவாக வேண்டும் என்று காணும் கனவும் வேறு. வருமானம், படிப்பு, தொழில், பழகும் வட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து சமூகத்தில் ஒரு குடும்பத்துக்குத் தரும் இடத்தைத்தான் வர்க்கம் என்கிறோம். பணம் அதில் ஒரு பங்கு மட்டுமே.

பெயர்களை ஆராய்பவர்கள் பலர் வருமானத்தை விட்டுவிட்டுத் தாயின் படிப்பை அளவுகோலாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். பிறப்புப் பதிவுகளில் அது எழுதப்பட்டிருக்கும் என்பது ஒரு வசதி. வீட்டில் என்ன மாதிரியான பேச்சும் படிப்பும் புழங்கின என்பதற்கு அது நல்ல தடயம் என்பது இன்னொரு காரணம்.

விலையே இல்லாத பொருள்

ஒருவர் ஓட்டும் காரை வைத்து அவர் வர்க்கத்தைச் சொல்லிவிடலாம். அதில் ஆச்சரியம் இல்லை, கையில் காசு இருந்தால்தான் அந்தக் கார் கிடைக்கும். ஆனால் பெயர்? உலகத்தில் உள்ள எந்தப் பெயரையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கோடீஸ்வரர் வீட்டுப் பெயரும் கூலித் தொழிலாளி வீட்டுப் பெயரும் விலையில் ஒன்றே. போதாததற்கு, பெயரை விற்க யாரும் விளம்பரம் செய்வதில்லை. இந்த ஆண்டு இந்தப் பெயர் புழங்கினால் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் பெயர்களை விரும்பி ஆராய்ந்ததற்கு இதுவே காரணம். பணமும் விளம்பரமும் கலக்காத ரசனையைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள் என்பது அவர் வாதம்.

இலவசமாகக் கிடைக்கும் பொருளில் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி எடுப்பதில்லை? ஒரு வீட்டில் பெயர் தேடும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். அவை எங்கிருந்து வந்தவை? நாம் கேட்டவை. கேட்காத பெயரை நாம் வைக்க முடியாது. நாம் கேட்பது நம்மைச் சுற்றி இருப்பவர்களின் பிள்ளைகள் பெயரை, நாம் பார்க்கும் படத்தில் வரும் பெயரை, நாம் படித்த புத்தகத்தில் இருக்கும் பெயரை. யார் எந்த வட்டத்தில் இருக்கிறார்களோ அந்த வட்டத்தின் பெயர்கள்தான் அவர்கள் காதில் விழுகின்றன.

அப்புறம் வடிகட்டுதல் தொடங்குகிறது. "இது பழசு." "இது ரொம்பப் பொதுவா இருக்கு." "இந்தப் பேர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிக்காது." "இது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு." கவனிக்க வேண்டியது கடைசி வாக்கியத்தைத்தான். அந்த "ஒரு மாதிரி" என்பதற்கு வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை, எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. பெரும்பாலும் அதன் பொருள், நம்மைப் போன்றவர்கள் வைக்கும் பெயர் இது இல்லை என்பதே. யாரும் வர்க்கம் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் முடிவில் அதுவும் பங்கெடுத்தது. எது அழகு, எது அழகில்லை என்று நமக்குத் தானாகத் தோன்றும் உணர்வைத்தான் ரசனை என்கிறோம். அது தானாகத் தோன்றினாலும் தனியாக முளைத்தது இல்லை, வளர்ந்த இடத்தில் ஊறியது.

இதுவரை பார்த்தது: பெயருக்கு விலை கிடையாது. ஆனால் காதில் விழும் பெயர்களும், அவற்றில் பிடித்தது பிடிக்காதது என்று பிரிக்கும் ரசனையும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அதனால் யாரும் திட்டமிடாமலே பெயரில் வர்க்கம் படிந்துவிடுகிறது.

தபால் முத்திரை

கடித உறையின் மேல் தபால் நிலையத்தில் குத்தும் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஊரும் தேதியும் இருக்கும். கடிதம் எங்கிருந்து, எப்போது புறப்பட்டது என்று அது சொல்லும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாது. பெயரும் அப்படித்தான். எந்தக் காலத்தில், சமூகத்தின் எந்தப் பகுதியில் ஒரு பிள்ளை பிறந்தது என்பதற்கு அது ஒரு முத்திரை. பிள்ளை யார் என்பது உறைக்குள் இருக்கிறது.

தேதியை முதலில் பார்ப்போம், அது எளிது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. 1880 முதல் 1946 வரை ஒவ்வொரு ஆண்டும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் மேரி. 1947இல் லிண்டா அதைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. 1970 முதல் 1984 வரை ஜெனிஃபர். இதனால் ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயர் ஜெனிஃபர் என்றால் அவர் அந்தப் பதினைந்து ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் யாரிடமும் வயதைச் சொல்லவில்லை, பெயர் சொல்லிவிட்டது.

இடம் எப்படித் தெரிகிறது? இதற்கும் அதே பட்டியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1880இல் பிறந்த ஆண் குழந்தைகளில் 100க்கு சுமார் 8 பேர் ஜான். பெண் குழந்தைகளில் 100க்கு சுமார் 7 பேர் மேரி. வங்கி முதலாளி வீட்டிலும் ஜான், சுரங்கத் தொழிலாளி வீட்டிலும் ஜான். எல்லாரிடமும் இருக்கும் பெயர் யாரைப் பற்றியும் அதிகம் சொல்லாது. இன்றைக்கு முதலிடத்தில் இருக்கும் பெயர்கூட 100க்கு ஒரு குழந்தைக்குத்தான் போகிறது. பெயர்க் குளம் பெரிதாகிவிட்டது, ஒவ்வொரு வட்டமும் அதன் வேறு வேறு மூலையில் மொண்டுகொள்கிறது. ஆக, பெயர் வைப்பதில் சுதந்திரம் கூடக் கூட, பெயர் நம்மைப் பற்றிச் சொல்வதும் கூடியிருக்கிறது. விநோதம் என்று தோன்றலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால்தானே தேர்ந்தெடுத்தவரைப் பற்றி அது ஏதாவது சொல்லும்?

மேலிருந்து கீழே

1066இல், பிரான்ஸின் வடக்கே உள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்கு முன் இங்கிலாந்து மக்களின் பெயர்கள் காட்வின், லியோஃப்ரிக், எதெல்ரெட் என்று இருந்தன. புதிதாக வந்த ஆளும் கூட்டத்தின் பெயர்கள் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி. யாரும் பெயரை மாற்றச் சொல்லிச் சட்டம் போடவில்லை. ஆனால் முதலில் நகரத்து வசதியானவர்கள், பிறகு கிராமத்து உழவர்கள் என்று ஒவ்வொரு படியாக அந்தப் பெயர்கள் இறங்கின. இருநூறு ஆண்டுகளுக்குள் பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துபோயின. வில்லியம் எவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு உண்டு. 1172இல் நார்மண்டியில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், வில்லியம் என்ற பெயர் இல்லாதவர்களை எல்லாம் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்களாம். அதற்குப் பிறகும் நூறுக்கு மேற்பட்ட வில்லியம்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மேல்தட்டில் தொடங்கிப் படிப்படியாக மற்ற தட்டுகளுக்கு ஒரு வழக்கம் வருவதைக் கீழிறங்கும் பரவல் என்போம். ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடை நாகரிகத்தை வைத்து இதை விளக்கினார். இதில் இரண்டு விசைகள் எதிரும் புதிருமாக வேலை செய்கின்றன. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். அது எல்லாரிடமும் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மேலே இருப்பவர் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிறார். ஒருவர் நெருங்க, இன்னொருவர் விலக, நாகரிகம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பெயரில் இது நடப்பதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு, அதில் எந்தத் தந்திரமும் இல்லை. பிள்ளை நம்மைவிட நன்றாக வாழ வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கிறார்கள். நன்றாக வாழ்பவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பெயர் இருக்கிறதோ அது காதுக்கு நன்றாக இருக்கிறது. இதைப் போலி என்றோ பகட்டு என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் காசு இல்லாதபோது பிள்ளைக்குக் கொடுக்க முடிந்த ஒரே ஆடம்பரம் பெயர்தான்.

ஆனால் பெயர்கள் எல்லாமே மேலிருந்துதான் இறங்குகின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இணையத்தில் இந்த ஒரு பாதையை மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். பல பெயர்கள் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறுகின்றன. சில பெயர்கள் மேல்தட்டைத் தொடாமலே நாடு முழுக்கப் பரவுகின்றன. பிரபலத்தைப் பார்த்து வைக்கிறார்கள் என்ற விளக்கமும் பாதிதான். திரையில் ஒரு பெயர் வந்ததால் ஊரே அதை வைத்தது என்று நாம் நினைக்கும் பல இடங்களில், அந்தப் பெயர் முன்பே ஏறத் தொடங்கியிருக்கும் என்று லீபர்சன் காட்டினார். ஏறிக்கொண்டிருந்த பெயரைத்தான் கதாசிரியரும் தன் பாத்திரத்துக்கு வைத்திருப்பார். அவரும் அதே காற்றைச் சுவாசிப்பவர்தானே.

கெவினுக்கு என்ன ஆயிற்று?

இந்த முழு விஷயத்தையும் ஒரே பெயரை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் கெவினைத்தான் எடுப்பேன்.

கெவின் அயர்லாந்துப் பெயர். க்ளெண்டலாக் என்ற பள்ளத்தாக்கில் ஆறாம் நூற்றாண்டில் மடம் நிறுவிய ஒரு துறவியின் பெயர் அது. அயர்லாந்தில் அது மரியாதையான, சாதாரணமான பெயர். அமெரிக்காவிலும் அப்படியே.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இந்தப் பெயர் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மளமளவென்று ஏறியது. ஜெர்மனிக்காரர்களுக்கு அது புதிதல்ல. கெவின் கீகன் என்ற இங்கிலாந்துக் கால்பந்து வீரர் 1977 முதல் 1980 வரை ஹாம்பர்க் அணிக்கு ஆடியிருந்தார். 1990இல் வந்த ஹோம் அலோன் படத்தில் வீட்டில் தனியாக விடப்படும் சிறுவனின் பெயரும் கெவின். படத்தால்தான் பெயர் பரவியது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பிரான்ஸில் 1980களின் கடைசியிலேயே அது முன்வரிசைக்கு வந்துவிட்டது. 1991இல் இரண்டு நாடுகளிலும் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான்.

யார் வைத்தார்கள்? பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்களும் கீழ்நடுத்தரக் குடும்பங்களும். தொலைக்காட்சியிலும் திரையிலும் கேட்ட ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்குப் புதுமையாகவும் திறந்த உலகத்தின் வாசனையோடும் இருந்தன. மேல்தட்டுக் குடும்பங்கள் பழைய பெயர்களை நோக்கியே நின்றன. அதாவது கெவின் மேலிருந்து இறங்கவே இல்லை, பக்கவாட்டில் கடல் தாண்டி வந்தது.

பிறகு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். 2009இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைக் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். சோஃபி, மரி, அலெக்ஸாண்டர், மாக்ஸிமிலியன் போன்ற பெயர்களுக்கு நல்ல பிள்ளை என்ற எண்ணம் வந்தது. கெவின், ஷாந்தால், ஜஸ்டின் போன்றவற்றுக்குப் படிப்பில் பலவீனம், அடங்காத நடத்தை என்ற எண்ணம். ஒரு ஆசிரியர், கெவின் என்பது பெயர் இல்லை, அது நோயின் பெயர் என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்த வாக்கியம் நாடு முழுக்கப் பரவியது. ஜெர்மன் மொழியில் இப்படிப் பெயர் வைப்பதற்கே கெவினிஸம் என்று ஒரு கேலிச் சொல்லும் புழங்குகிறது.

ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அதே இரண்டு அசைகள். அயர்லாந்தில் துறவியின் பெயர், ஜெர்மனியில் கேலி. குறை ஒலியில் இருந்தால் எல்லா இடத்திலும் அது அசிங்கமாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. வைத்தவர்கள் யார் என்பது மாறியபோது ஒலியின் மதிப்பும் மாறியது. "அந்தப் பெயர் காதுக்கே நல்லா இல்லை" என்று நாம் சொல்லும்போது நம் காது சொல்வது அவ்வளவும் இசையைப் பற்றி இல்லை.

இரண்டு விதமான புதுமை

இங்கே ஒரு அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர் வைக்காத பெயர் வேண்டும் என்ற ஆசை எல்லா வர்க்கத்திலும் இருக்கிறது. அதை எங்கே தேடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. படித்த குடும்பங்கள் பெரும்பாலும் பின்னோக்கிப் போகின்றன. தாத்தா பாட்டி காலத்துப் பெயர்களையும், புராணத்திலும் இலக்கியத்திலும் மறந்துபோன பெயர்களையும் தூசு தட்டி எடுக்கின்றன. எம்மா என்ற பெயர் 1880இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்தது. 1970களில் யாரும் சீந்தாத அளவுக்குப் போனது. 2014 முதல் 2018 வரை முதலிடத்தில் இருந்தது. ஒரு பெயர் நாகரிகமாகத் திரும்பி வர, முதலில் அது நம் அம்மாவின் தோழிகள் பெயராக இல்லாத அளவுக்குப் பழையதாக வேண்டும்.

வசதி குறைந்த குடும்பங்களில் புதுமை பெரும்பாலும் முன்னோக்கிப் போகிறது. எழுத்தை மாற்றுகிறார்கள், இரண்டு பெயரை ஒட்டி ஒன்றாக்குகிறார்கள், திரையில் கேட்டதை எடுக்கிறார்கள், யாரிடமும் இல்லாத ஒன்றைத் தாங்களே உருவாக்குகிறார்கள். இரண்டிலும் உள்ள உழைப்பும் அன்பும் ஒன்றே. ஆனால் பழைய ஏட்டிலிருந்து எடுத்தால் நுண்ணுணர்வு என்றும், சொந்தமாக உருவாக்கினால் விவரம் இல்லை என்றும் பேசப்படுகிறது. எது நல்ல ரசனை என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு பகுதியிலும் பார்த்தது: பெயரின் மதிப்பு ஒலியில் இல்லை, அதை வைத்தவர்களின் இடத்திலிருந்து அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆட்கள் மாறினால் மதிப்பும் மாறும்.

பெயர் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா?

அதிகம் குழப்பப்படும் இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகவே போகலாம்.

பிரான்ஸில் பாப்தீஸ்த் கூல்மோன் என்ற சமூகவியலாளர் பள்ளி இறுதித் தேர்வு முடிவுகளைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பல ஆண்டுகள் வெளியிட்டார். மிக உயர்ந்த தரத்தில் தேறியவர்களின் பங்கு சில பெயர்களில் மிக அதிகமாகவும், கெவின் போன்ற பெயர்களில் மிகக் குறைவாகவும் இருந்தது. இதைப் பார்த்ததும் "பார்த்தீர்களா, பெயரால்தான் மதிப்பெண் குறைகிறது" என்று சொல்லத் தோன்றும்.

ஒரு காய்ச்சல் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எண் ஏறியிருக்கும்போதெல்லாம் உடம்பு சுடுகிறது. அதனால் கருவிதான் காய்ச்சலை வரவழைக்கிறது என்று யாராவது சொல்வார்களா? கருவியை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா? இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதை ஒட்டுறவு என்கிறார்கள். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டையும் மூன்றாவது ஒன்று உண்டாக்கியிருக்கலாம். இங்கே அந்த மூன்றாவது, குடும்பத்தின் நிலை. வீட்டில் புத்தகங்களும், தனியாகப் படிக்க ஒரு அறையும், சந்தேகம் கேட்க ஒரு ஆளும் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் அடங்கும். அதே குடும்ப நிலைதான் பெயரையும் தேர்ந்தது, மதிப்பெண்ணையும் பாதித்தது. கூல்மோன் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்.

இதை இன்னும் கறாராகச் சோதித்தவர்கள் ரோலண்ட் ஃப்ரையர், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள். 1961 முதல் 2000 வரை கலிஃபோர்னியாவில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேள்வி, கறுப்பின மக்களிடம் மட்டும் புழங்கும் பெயர்கள் பற்றியது. அப்படிப்பட்ட பெயர் உள்ளவர்களின் பிற்கால வாழ்க்கை சராசரியாகப் பின்தங்கியிருந்தது உண்மை. ஆனால் பிறந்தபோது குடும்பம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணக்கில் சேர்த்ததும் பெயரின் பங்கு என்று சொல்லும்படி எந்தப் பாதகமும் மிஞ்சவில்லை. 2004இல் இந்த முடிவு வெளியானது.

அப்படியானால் பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடும் என்பது உறையின் முத்திரையை அழித்துவிட்டு உள்ளே கடிதம் மாறும் என்று காத்திருப்பதற்குச் சமம்.

ஆனால் உறையைப் பார்ப்பவர்?

அதே 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு கதை சொன்னது. மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விண்ணப்பங்களுக்கு எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களையும் லகிஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர்களையும் குலுக்கல் முறையில் போட்டார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை. வெள்ளையர் பெயருக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. கறுப்பர் பெயருக்கு ஒரு அழைப்பு வாங்கச் சுமார் 15 விண்ணப்பம் தேவைப்பட்டது.

இதில் அழைப்பு குறைந்தது இனத்தாலா, வர்க்கத்தாலா என்று பிரிப்பது கடினம். ஏனென்றால் லகிஷா என்ற பெயரைப் படிப்பவர் மனத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 2017இல் மைக்கேல் கேடிஸ் என்ற ஆய்வாளர் இதைத் தொட்டார். அதிகம் படித்த கறுப்பினத் தாய்மார்கள் வைக்கும் பெயர்களைக் கேட்டால், அது கறுப்பினப் பெயர் என்றே பலரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரில் இனமும் வர்க்கமும் ஒரே நூலாக முறுக்கப்பட்டிருக்கின்றன.

வகுப்பறையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். டேவிட் ஃபிக்லியோ என்ற பொருளியலாளர் ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தின் விவரங்களில் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டார். எவ்வளவு நல்ல யோசனை என்று பாருங்கள். ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு, பெயர் மட்டும் வேறு. ஏழ்மையோடு சேர்த்து நினைக்கப்படும் எழுத்துக்கூட்டு உள்ள பெயரைக் கொண்ட பிள்ளையிடம் ஆசிரியர்கள் குறைவாக எதிர்பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் உடன்பிறந்தவரைவிடச் சற்றுக் குறைந்தது. ஒருவரிடம் நாம் எதிர்பார்ப்பது அவர் செய்வதையே மாற்றிவிடுவதை எதிர்பார்ப்பின் தாக்கம் என்பார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், தவறு செய்தால் காட்டும் பொறுமை, கடினமான கணக்கை முதலில் யாரிடம் கொடுப்பது என்ற தேர்வு ஆகியவற்றின் வழியே அது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

அப்போது முன்னே சொன்ன கலிஃபோர்னியா ஆய்வும் இந்த ஆய்வுகளும் முரண்படவில்லையா? பார்த்த இடம் வேறு. ஒன்று வாழ்க்கை முழுவதையும் தூரத்திலிருந்து பார்க்கிறது. அங்கே குடும்ப நிலை மலை, பெயர் ஒரு கூழாங்கல். மற்றவை ஒரு குறிப்பிட்ட கதவருகே நின்று பார்க்கின்றன. உறையின் மேலே முத்திரையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைக்கும் ஒரு கை அங்கே தெரிகிறது. பெயருக்கென்று தனியாகச் சக்தி இல்லை. படிப்பவருக்கு இருக்கிறது.

நம் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று குழம்பி நிற்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு இன்னும் பயந்துபோகக் கூடாது என்று விரும்புகிறேன். பத்து ஆண்டு கழித்து எந்தப் பெயர் எந்த வர்க்கத்தின் முத்திரையாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1991இல் கெவின் என்று வைத்தவர்கள் நாட்டிலேயே அதிகம் பேருக்குப் பிடித்த பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

அந்தக் கெவின்கள் வளர்ந்தார்கள். பிரான்ஸில் 2022 ஜூன் மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் கெவின் என்ற பெயருள்ள இரண்டு பேர் முதன்முறையாக உறுப்பினர்களானார்கள். இருவருமே 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அந்தப் பெயர் பிரான்ஸில் உச்சத்தில் இருந்த காலத்துப் பிள்ளைகள்.